வல்லாரைப் பொட்டலமும் மூளை அழற்சியும்

போன ஐப்பசிச் சந்தையில் நான் விற்ற வல்லாரைப் பொடிப் பொட்டலத்தின் மேல் நான்கு வரி அச்சடித்திருந்தேன். நினைவாற்றல் பெருகும், நரம்புத் தளர்ச்சி நீங்கும், மூளை அழற்சி குறையும், நடுக்கம் தீரும் என்று. முதல் இரண்டும் எல்லாரும் போடுவதுதான். பின் இரண்டையும் கைப்பேசியில் வந்த ஒரு காணொளியைப் பார்த்துச் சேர்த்தேன். ஆய்வில் நிரூபணம் ஆகியிருக்கிறது என்று அதில் ஒருவர் அடித்துச் சொன்னார், நானும் நம்பிவிட்டேன்.

எங்கள் வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து வயல்காரருக்கு ஆறு ஆண்டுகளாக நடுக்குவாதம். மருத்துவர்கள் பார்க்கின்சன் என்று சொல்லும் நோய். மகன் வாங்கி வந்த பொட்டலத்தைக் கண்ணாடி போட்டுப் படித்துவிட்டு நேராக என் வீட்டுக்கு வந்துவிட்டார். "ஏந் தம்பி, நடுக்கம் தீரும்னு போட்டிருக்கியே, அப்ப அந்த மாத்திரைய நிறுத்திப்புட்டு இதையே சாப்புடலாமா? மாத்திரைக்கு மாசாமாசம் எவ்வளவு போவுது தெரியுமா?"

எனக்கு வாய் அடைத்துப் போச்சு. "அதுவரைக்கும் மாத்திரைய மட்டும் நிறுத்திடாதீங்க மாமா, கேட்டுட்டு வந்து சொல்றேன்" என்று அனுப்பிவைத்தேன். உயிர்வேதியியல் பாடம் நடத்தும் நண்பர் மகளிடம் அன்று இரவே பேசினேன். அந்தப் பிள்ளை சொன்ன முதல் சேதியிலேயே எனக்கு வியர்த்துவிட்டது. இந்த நோய்க்கான மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் உடம்பு மரக்கட்டையாய் இறுகி, கடும் காய்ச்சல் கண்டு, உயிருக்கே கூட ஆபத்தாகலாமாம். நான்கு வரி அச்சடிக்க எனக்கு ஆன செலவு பொட்டலத்துக்கு முப்பது பைசா.

அதன்பிறகு நான்கு மாதம் அந்தப் பிள்ளையின் உதவியோடு ஆய்வுக் கட்டுரைகளைப் படித்தேன். மூலிகை பயிரிடும், பொடி பண்ணி விற்கும் நம் தோழர்களுக்கும் இது தெரிந்திருக்க வேண்டும் என்பதால் படித்ததை எழுதுகிறேன்.

அழற்சி என்றால் என்ன

காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சுட்டு, வீங்கி, வலிக்கிறது. உடம்பின் காவல் செல்கள் அங்கே கூடி வேலை பார்ப்பதன் அடையாளம் அது. இதுதான் அழற்சி. முள்ளை எடுத்ததும் அடங்கிவிடும்.

மூளைக்குத் தனிக் காவல் உண்டு. நுண்கிளியா என்று அந்தச் செல்களுக்குப் பெயர். ஸ்பெயின் நாட்டு அறிஞர் பியோ டெல் ரியோ ஓர்ட்டேகா 1919ல் இவற்றைத் தனியாகப் பிரித்து அடையாளம் காட்டினார். மூளைச் செல்களில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இவைதான். கிருமி வந்தால் விழுங்கும், செத்த செல்லை அப்புறப்படுத்தும், கூட ஆள் சேர்க்க டிஎன்எஃப்-ஆல்பா, இன்டர்லூக்கின் போன்ற வேதிப்பொருள்களை வெளிவிடும். நம் களத்துக் காவல் நாயை நினைத்துக்கொள்ளுங்கள். திருடனைக் கண்டு குரைப்பது நல்லதுதான். ஆனால் ராப்பகலாய் யாராவது கல்லெறிந்துகொண்டே இருந்தால் அந்த நாய் வெறியேறி வீட்டுப் பிள்ளையையே கடிக்கும். நுண்கிளியா ஆண்டுக்கணக்கில் இப்படி உசுப்பப்பட்டுக் கிடந்தால் பக்கத்து நரம்புச் செல்களும் சேர்ந்து சேதமாகின்றன. அல்சைமர் மறதி நோயிலும் நடுக்குவாதத்திலும் மூளையில் இந்த நிலை காணப்படுகிறது. நோய்க்கு அது காரணமா, நோயின் விளைவா, இரண்டுமா என்ற வாதம் இன்னும் முடியவில்லை.

மூளைக்காய்ச்சல் வேறு. அது நாள்கணக்கில் ஆளைச் சாய்க்கும் அழற்சி. நெல் வயல் தண்ணீரில் பெருகும் கியூலெக்ஸ் கொசு பரப்பும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் இந்தியாவில் முதன்முதலில் கண்டறியப்பட்டதே நம் வேலூர்ப் பகுதியில்தான், 1955ல். துளசியிலும் கற்பூரவள்ளியிலும் இருக்கும் ரோஸ்மாரினிக் அமிலத்தை இந்தக் கிருமி ஏற்றிய எலிகளுக்குச் செலுத்தி, சாவு குறைந்ததாக மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையத்தார் 2007ல் வெளியிட்டார்கள். நல்ல ஆய்வு, ஆனால் எலியோடு நிற்கிற ஆய்வு. காய்ச்சலோடு வலிப்போ, பிதற்றலோ, நினைவு தப்புவதோ கண்டால் கற்பூரவள்ளி பறிக்கப் போகாதீர்கள், வண்டியை மருத்துவமனைக்கு விடுங்கள். பிள்ளைகளுக்குத் தடுப்பூசி இருக்கிறது.

ஆய்வகத்தில் நெருப்பு வைக்கும் பொருள்

படித்ததில் என்னைத் தூங்கவிடாமல் செய்த பகுதி இது. ஒரு மூலிகை மூளை அழற்சியைத் தணிக்கிறதா என்று பார்க்க வேண்டுமானால், முதலில் எலியின் மூளையில் அழற்சியை உண்டாக்க வேண்டுமல்லவா? அதற்கு எதைப் பயன்படுத்துகிறார்கள் தெரியுமா? பெரும்பாலும் பாக்டீரியாவின் மேலுறையில் இருந்து எடுத்த நச்சு. நடுக்குவாதம் பற்றிய ஆய்வென்றால் எம்பிடிபி என்ற வேதிப்பொருள், அல்லது ரோட்டினோன், பாராகுவாட். கடைசி இரண்டும் வேளாண் நஞ்சுகள்.

எம்பிடிபியின் கதை 1982ல் கலிபோர்னியாவில் தொடங்கியது. கள்ளத்தனமாய்த் தயாரித்த போதைப்பொருளை ஊசி போட்டுக்கொண்ட இளைஞர்கள் சிலர் சில நாள்களில் கிழவர்களைப் போல விறைத்துப் போனார்கள். அந்தச் சரக்கில் கலந்திருந்த எம்பிடிபி மூளைக்குள் போய் எம்பிபி என்ற நஞ்சாக மாறி, டோபமின் சுரக்கும் நரம்புச் செல்களைக் கொன்றிருந்தது. அந்த எம்பிபியின் வேதி அமைப்பு பாராகுவாட்டின் அமைப்பை ஒத்தது. ஆய்வாளர்கள் கண் வேளாண் நஞ்சுகள் பக்கம் திரும்பியது அதன்பிறகுதான்.

2000ல் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தார் எலிகளுக்கு ரோட்டினோனைச் சிறுகச் சிறுக, வாரக்கணக்கில் இரத்தத்தில் செலுத்திப் பார்த்தார்கள். எலிகள் விறைத்தன, நடை மந்தமானது, மூளையில் நடுக்குவாத நோயாளிக்கு இருப்பதைப் போன்ற புரதக் கட்டிகள் தெரிந்தன. நுண்கிளியாக்கள் உசுப்பப்பட்டுக் கிடந்ததைப் பின்னாளில் அதே குழுவினர் காட்டினார்கள். 2011ல் அயோவா, வட கரோலினா மாநிலங்களில் நஞ்சு தெளித்த உழவர்களையும் அவர்கள் வீட்டாரையும் வைத்து ஓர் ஆய்வு வந்தது. நடுக்குவாதம் உள்ள 110 பேர், இல்லாத 358 பேர். ரோட்டினோனைப் பயன்படுத்தியவர்களிடம் இந்த நோய் காணப்படும் வாய்ப்பு, பயன்படுத்தாதவர்களைப் போல இரண்டரை மடங்கு. பாராகுவாட்டுக்கும் அதே இரண்டரை. பாராகுவாட்டுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தில் 2007ல் தடை, கேரளத்தில் 2011ல் தடை. வரப்புப் புல் காய நம்மூரில் இன்றும் அடிக்கிறார்கள்.

இதற்குள் நமக்கும் ஒரு குட்டு இருக்கிறது. ரோட்டினோன் எந்தத் தொழிற்சாலையிலும் பிறந்ததல்ல, டெர்ரிஸ் வகைக் கொடிகளின் வேரில் இருப்பது. செடியில் இருந்து வந்தது என்ற ஒரே காரணத்தால் மேலை நாடுகளில் இயற்கை வேளாண்மையிலேயே நெடுங்காலம் அனுமதித்திருந்தார்கள். செடியில் இருந்து வந்தால் கெடுதல் இல்லை என்று மேடையில் பேசும் நம் ஆள்கள் (நானும் பேசியிருக்கிறேன்) இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்து மாமா முப்பது ஆண்டு தெளிப்பான் சுமந்தவர். அதனால்தான் அவருக்கு இது வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆயிரம் பேரை வைத்துச் செய்த கணக்கு ஒரு தனி மனிதரின் நோய்க்குக் காரணம் சொல்லாது. தெளிப்பானையே தொடாதவர்களுக்கும் இந்த நோய் வருகிறது.

சாறு என்று அவர்கள் சொல்வது எதை

இனி மூலிகைக்கு வருவோம். மைசூர் உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனத்தார் பழ ஈக்களுக்கு ரோட்டினோனைக் கொடுத்து, கூடவே நீர்ப்பிரமியையும் கொடுத்துப் பார்த்தார்கள். (நம் மாந்தோப்புப் பழ ஈ இல்லீங்க, அழுகின வாழைப்பழத்தில் மொய்க்கிற பொடிசு.) நீர்ப்பிரமி தின்ற ஈக்களுக்குப் பாதிப்பு குறைவாக இருந்தது, 2009ல் வெளியிட்டார்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் வல்லாரையில் இருக்கும் ஆசியாட்டிக் அமிலத்தை, ரோட்டினோன் ஊற்றிய நரம்புச் செல்களில் சோதித்தார்கள். அங்கும் செல் சாவு குறைந்தது. நீர்ப்பிரமியை வெந்நீரில் ஊறவைத்து எடுத்த சாறுகூட, தட்டில் வளர்த்த நுண்கிளியாச் செல்களில் டிஎன்எஃப்-ஆல்பாவைக் குறைத்ததாக 2017ல் ஒரு கட்டுரை வந்தது. ஆக, காணொளிக்காரர் முழுப் பொய் சொல்லவில்லை. தட்டில், ஈயில், எலியில் என்பதை மட்டும் சொல்லாமல் விட்டுவிட்டார்.

தட்டில் சாற்றைச் செல்லின் மேலேயே ஊற்றுகிறார்கள். நாம் தின்றால் அது குடலில் இறங்கி, இரத்தத்தில் ஏறி, கல்லீரலின் அரிப்பில் தப்பி, அதன்பின் மூளையைச் சுற்றியுள்ள தடுப்பையும் தாண்ட வேண்டும். இரத்தத்தில் இருப்பதையெல்லாம் மூளை உள்ளே விடாது, அதன் இரத்தக்குழாய்ச் சுவர் அவ்வளவு நெருக்கமாகப் பின்னப்பட்டது.

அடுத்தது சாறு என்ற சொல். இதை நமக்குப் புரியவைக்க வேம்பு போதும். ஐந்து கிலோ வேப்பங்கொட்டையை இடித்து இராத்திரி ஊறவைத்து, நூறு லிட்டராக்கித் தெளிக்கிறோம். கடையில் 10,000 பிபிஎம் அசாடிராக்டின் என்று புட்டியில் விற்கிறான். இரண்டும் வேம்புதான், ஆனால் அந்தப் புட்டியை லிட்டருக்கு எத்தனை மில்லி போடுவது என்று கேட்காமல் யாராவது தெளிப்போமா? மனித மருந்திலும் அப்படியே. ஆய்வகத்துச் சாறு என்பது சாராயத்திலோ வேறு கரைப்பானிலோ இழுத்து, வற்றவைத்து, உள்ளே எந்தப் பொருள் எத்தனை விழுக்காடு என்று அளந்த சரக்கு. என் பொட்டலத்தில் இருந்தது நிழலில் உலர்த்தி அரைத்த இலை. அதில் ஆசியாட்டிக் அமிலம் எவ்வளவு என்று என்னைக் கேட்டால் எனக்கே தெரியாது. இனத்துக்கு இனம், நிழலுக்கு நிழல், அறுத்த பருவத்துக்குத் தக்கபடி அது மாறும்.

மஞ்சளில் கணக்கு போட்டுப் பார்த்தால் இது இன்னும் விளங்கும், ஏனென்றால் மஞ்சளைத்தான் அதிகம் ஆராய்ந்திருக்கிறார்கள். 2001ல் லாஸ் ஏஞ்சல்சில் உள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் அல்சைமர் மாதிரி எலிகளுக்குத் தீவனத்தில் குர்க்குமின் கலந்து கொடுத்தார்கள். கிலோவுக்கு 160 மில்லிகிராம் ஒரு கூட்டத்துக்கு, 5000 மில்லிகிராம் இன்னொன்றுக்கு. மூளையில் அழற்சிப் பொருளான இன்டர்லூக்கின் இரண்டிலும் குறைந்தது. ஆனால் புரதப் படிவு குறைந்தது சின்ன அளவு தின்ற கூட்டத்தில் மட்டும். மூட்டை யூரியா கொட்டினால் மூட்டை நெல் கூடாது என்று நாம் ஊர் ஊராகச் சொல்வதுதான்.

எலியில் நன்றாக இருந்தது, மனிதருக்கு என்ன ஆனது? அல்சைமர் உள்ள 36 பேருக்கு 24 வாரம் தினமும் 2 கிராம், 4 கிராம் குர்க்குமின் கொடுத்துப் பார்த்து 2012ல் முடிவை வெளியிட்டார்கள். குணம் எதுவும் தெரியவில்லை. இரத்தத்தில் ஏறியதே சொற்பம். நம் மஞ்சளில் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்கு என்று வைத்தால், 4 கிராம் குர்க்குமினுக்கு ஒரு நாளைக்கு 130 கிராமுக்கு மேல் மஞ்சள்தூள் தின்ன வேண்டும். யார் வீட்டுக் குழம்பில் அவ்வளவு போடுவார்கள்? 2018ல் வேறொரு ஆய்வு வந்தது. எளிதில் செரிக்கும்படி செய்த குர்க்குமின், 90 மில்லிகிராம் வீதம் நாளைக்கு இரண்டு வேளை, 18 மாதம், 40 பேர். நினைவாற்றல் சோதனையில் முன்னேற்றம் இருந்தது. ஆனால் அவர்கள் மறதி நோய் வந்தவர்கள் அல்லர், வயதுக்கேற்ற தடுமாற்றம் உள்ளவர்கள். நீர்ப்பிரமியும் அப்படித்தான். 300 மில்லிகிராம் சாறு 12 வாரம் எடுத்த நல்ல உடம்புக்காரர்களுக்கு நினைவு கொஞ்சம் கூடியதாகச் சில ஆய்வுகள் உண்டு. அதைக் கொண்டு நடுக்குவாதம் தீரும் என்று எழுத முடியாது.

மிளகைச் சேர்த்தால் மஞ்சள் நன்றாக ஏறும் என்பது மெய். பெங்களூர் புனித யோவான் மருத்துவக் கல்லூரியார் 1998ல் வெளியிட்டது இது. 2 கிராம் குர்க்குமினோடு 20 மில்லிகிராம் பிப்பரின் கொடுத்தபோது இரத்தத்தில் ஏறியது 20 மடங்கு. மிளகில் பிப்பரின் சுமார் 5 விழுக்காடு என்றால் அரை கிராம் மிளகு போதும், நம் மிளகு மஞ்சள் பாலுக்கு ஒரு சபாஷ். ஆனால் இதே பிப்பரின் வலிப்பு மாத்திரை உள்பட வேறு சில மருந்துகளையும் இரத்தத்தில் கூடுதலாக ஏற்றிவிடும். இத்தாலியில் 2019ல் குர்க்குமின் மாத்திரை எடுத்த பலருக்குக் கல்லீரல் அழற்சி வந்து, அந்த அரசு எச்சரிக்கை விட்டது. குழம்பு மஞ்சளால் யாருக்கும் அப்படி ஆனதில்லை. செறிவு கூடினால் மருந்தின் குணத்தோடு மருந்தின் கெடுதலும் கூடவே வருகிறது.

நடுக்குவாதத்துக்கு உண்மையிலேயே வேலை செய்கிற செடி ஒன்று நம் பலதானிய விதைப்பிலேயே இருக்கிறது. பூனைக்காலி. அதன் விதையில் எல்-டோபா இருப்பதை 1937ல் சென்னையில் தாமோதரனும் இராமசாமியும் பிரித்துக் காட்டினார்கள். 2004ல் லண்டனில் எட்டு நோயாளிகளுக்கு 30 கிராம் விதைப்பொடி கொடுத்தபோது, வழக்கமான மாத்திரையைவிடப் பாதி நேரத்தில் குணம் தெரிந்தது. இது அழற்சியைத் தணிப்பதால் அல்ல, மூளையில் குறைந்துபோன டோபமினை ஈடுகட்டுவதால். மாமாவின் மாத்திரையில் இருப்பதும் இதே பொருள்தான். அதனால்தான் இரண்டையும் மருத்துவருக்குத் தெரியாமல் சேர்த்துத் தின்றால் அளவு மீறிப்போகும், ஆபத்து. விதையைப் பயறு மாதிரி வறுத்துத் தின்று வாந்தி எடுத்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

நம் கையில் இருக்கும் வேலை

மருந்துச் சத்து எவ்வளவு என்பது நம் கையில் இல்லை. நஞ்சு சேராமல் பார்ப்பது முழுக்க நம் கையில்தான். வல்லாரையும் நீர்ப்பிரமியும் ஈர மண்ணில் படர்பவை, தண்ணீரிலும் மண்ணிலும் இருக்கும் ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை இழுத்து இலையில் சேர்த்துக்கொள்பவை. கழிவுநீரைச் சுத்தம் செய்ய இந்தச் செடிகளையே சோதிக்கிறார்கள் என்றால் பாருங்கள். ஈயம் மூளையைக் கெடுக்கும் நஞ்சு, அதிலும் குழந்தைகளுக்கு. சாக்கடை கலக்கும் வாய்க்கால் ஓரம், தொழிற்சாலைத் தண்ணீர் இறங்கும் ஏரி, நெடுஞ்சாலைப் பள்ளம், இங்கெல்லாம் தானாக விளைந்து கிடக்கிறது என்று பறித்து மூளைக்கு மருந்து என்று விற்பது பாவம். நான் இப்போது ஆழ்குழாய்த் தண்ணீரில் மேட்டுப்பாத்தியில்தான் வைக்கிறேன். வாய்க்கால் கரையில் பறிப்பதை விட்டுவிட்டேன், அதனால் சரக்கு பாதியாகிவிட்டது.

மஞ்சளிலும் இதே கதை. வங்கதேசத்தில் மஞ்சளுக்குப் பளபளப்பு ஏற்ற ஈயக் குரோமேட் பூசியதும், அது மக்கள் இரத்தத்தில் ஏறியிருந்ததும் 2019ல் அம்பலமானது. அரசு இறங்கி வேலை செய்து இரண்டே ஆண்டில் சந்தையில் இருந்து அதை ஒழித்தது. மங்கலாக இருக்கிறதே என்று நம் மஞ்சளைத் தள்ளிவைக்கும் வாடிக்கையாளருக்கு இந்தச் சேதியைச் சொல்லுங்கள்.

பெயர்க் குழப்பமும் உண்டு. வடக்கே இருந்து வரும் வியாபாரி பிராமி வேண்டும் என்பார். சில ஊரில் அது நீர்ப்பிரமி, சில ஊரில் வல்லாரை. இரண்டும் ஒரே குடும்பம்கூட இல்லை. வல்லாரை கொத்தமல்லிக் குடும்பம், காம்பு நீண்டு, இலை சிறுநீரக வடிவில், ஓரம் பல் பல்லாக இருக்கும். நீர்ப்பிரமியின் இலை சின்னது, தடித்தது, எதிரெதிராய் முளைக்கும், வெள்ளையோ வெளிர் நீலமோ ஐந்திதழ்ப் பூ, வாயில் போட்டால் கடுங்கசப்பு. எந்தச் செடி என்று மாதிரியைக் காட்டி எழுதி வாங்கிக்கொண்டு நடவு செய்யுங்கள்.

பொட்டலத்தில் எழுதுவது சட்டத்தோடும் சேர்ந்தது. 1954ஆம் ஆண்டு மருந்து, மாயத் தீர்வு விளம்பரச் சட்டத்தில் எந்தெந்த நோயைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்யக் கூடாது என்று ஒரு பட்டியல் இருக்கிறது. மூளை நோய்கள் அதில் உண்டு. எனக்கு இது தெரியாது. தெரிந்திருந்தாலும் அன்றைக்குப் போட்டிருப்பேனோ என்னவோ, எல்லாரும் போடுகிறார்களே என்று.

மிச்சம் இருந்த நானூறு உறைகளை எரித்துவிட்டேன். இப்போது பொட்டலத்தில் வல்லாரை இலைப் பொடி, நிழலில் உலர்த்தியது, விளைந்த ஊர், அறுத்த மாதம், எந்தத் தண்ணீர் பாய்ச்சியது என்பது மட்டும். துவையலுக்கும் தோசை மாவுக்கும் ஏற்றது என்று கீழே ஒரு வரி. விற்பனை குறைந்திருக்கிறது. சந்தையில் பக்கத்துக் கடைக்காரர் பொட்டலத்தில் ஒன்பது நோயின் பெயர் இருக்கிறது, கூட்டம் அங்கேதான்.

மாமாவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். "அப்ப தீராதா?" என்றார். "இந்தப் பொடியால தீராது மாமா. மாத்திரைய நேரத்துக்குப் போடுங்க. வல்லாரை பிடிச்சா துவையலா சாப்புடுங்க, டாக்டர்கிட்டயும் சொல்லிட்டுச் சாப்புடுங்க." கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் அமெரிக்க உழவர்களின் கணக்கைச் சொன்னேன். கொட்டகைப் பக்கம் கையைக் காட்டினார். பாதி கேன் களைக்கொல்லி அங்கே இருந்தது. இப்போது மகன் அடிக்கிறான். "எங்கிட்ட சொல்லி என்னத்துக்கு, அவன்கிட்ட சொல்லு" என்றார்.

அவனோடு மூன்று தடவை பேசியாயிற்று. ஆள் கூலிதான் அவனுக்குப் பிரச்சனை, அது நியாயமான கேள்வி. வரப்பில் களைவெட்டும் கருவியை எங்கள் குழுவில் இருந்து இந்தச் சம்பாவுக்கு இரவல் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன். ஒரு ஏக்கருக்கு மட்டும் சரி என்றிருக்கிறான்.